தன் முகத்தைத் தானே விற்ற மைக் அக்கா

எங்கள் தபால் நிலையத்தில் ஒலிபெருக்கி கிடையாது. தேவையும் இல்லை. முதல் ஜன்னலில் தபால்தலை விற்கும் அக்கா "அடுத்தது யாரு?" என்று கேட்டால், எதிரே சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் எழுந்துவிடுவார். அதனால்தான் மைக் அக்கா. பெயர் வைத்தது நான். பக்கத்து ஜன்னலில் பார்சல் எடைபோட்டே என் இடது காது பாதி போய்விட்டது, அந்த உரிமையில் வைத்தேன்.

அம்மா சீக்கிரமே போய்விட, தங்கையை வளர்த்தது அக்காதான். தையல்கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. எழுந்திரு, குளி, படி என்று கத்தியே அவளை ஆளாக்கினார். ஆசைப்பட்டாளே என்று முதல் கேமராவையும் அவரே வாங்கிக் கொடுத்தார். தங்கை பெரிய புகைப்படக்காரி ஆனாள். ஒரு கண்காட்சிக்கு அக்காவை அழைத்துப் போனாள். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்கு அக்கா! வாய் ஆவென்று திறந்திருக்கிறது, கண் பிதுங்குகிறது, தலைமுடி பறக்கிறது. படத்துக்கு முன்னால் இரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை ராட்சசியா காட்டித்தான் நீ பேர் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தவர்தான், அதோடு பேச்சு நின்றது. தங்கை பலமுறை வந்து கதவைத் தட்டினாள். அக்கா திறக்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே என்று எங்களிடம்தான் புலம்பல். ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக ஒரு கேள்வி வரும்.

"பேப்பர்ல அவளைப் பத்தி ஏதாவது வந்திருக்கா?"

"இந்தாங்க, நீங்களே பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? நீ படி. கொஞ்சம் சத்தமா படி."

இவ்வளவு ஆசையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு வீம்பா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

போன மாதம் புதுத் தபால்தலைகள் வந்தன. இன்றைய புகைப்படக் கலைஞர்கள் ஐந்து பேரைக் கௌரவித்து, ஆளுக்கு அவர்கள் எடுத்த ஒரு படத்தைப் போட்டிருந்தார்கள். இங்கே எங்கள் தொழில் புத்தியைச் சொல்லியாக வேண்டும். தபால்தலை விற்கிறவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. மூலையில் இருக்கும் விலையைப் பார்ப்போம், துளை வரிசையில் கிழிப்போம், அவ்வளவுதான். பூவோ புலியோ எல்லாம் ஒன்று. அக்காவும் காலையிலிருந்து கிழித்தார், விற்றார், ஒட்டிக் கொடுத்த உறைகள் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தபால்தலை சேர்க்கும் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். வாங்கிய தபால்தலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்கதானே?"

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அதே படம்!

"ஐயையோ! காலையிலேர்ந்து என் மூஞ்சியிலயே நான் குத்திட்டிருக்கேனா? ஊரே என்னை எச்சில் தொட்டு ஒட்டுமேடா!"

ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மிச்சத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் "தீந்து போச்சு" என்றார். அதிகாரி வெளியே வந்தார்.

"வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லக்கூடாதும்மா."

"உங்க மூஞ்சியைப் போட்டு வித்தா அப்பத் தெரியும் சார்."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் வரிசை நகர்ந்தது. "அடுத்தது..." என்ற அக்காவின் குரல் பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தங்கை.

"அந்தத் தபால்தலை ஒரு ஷீட் வேணும்."

"தீந்து போச்சு."

"அக்கா..."

"யாருக்கு யாருடி அக்கா? சுவத்துல மாட்டினது போதலையா, வீட்டுக்கு வீடு அனுப்பணுமா?"

"அது எப்ப எடுத்த படம்னு தெரியுமா உனக்கு?"

"நான் என்னைக்குக் கத்தாம இருந்தேன்? ஏதோ ஒரு நாள்."

"நீ வாங்கிக் குடுத்த கேமராவோட நடு ரோட்டுல நின்னுட்டு இருந்தேன். பின்னாடி லாரி வந்துச்சு. நான் பாக்கலை. நீ கத்தினே. திரும்பினா உன் முகம்." அவள் ஜன்னல் பலகையில் கையை ஊன்றினாள். "எனக்காக ஒருத்தர் அவ்வளவு பயந்து நான் பாத்ததே இல்லைக்கா. அதான் எடுத்தேன். அதுக்கு அப்புறம்தான் ஓடினேன்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ பேச விட்டாத்தானே?"

அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஜன்னல் கம்பிக்குக் கீழே இருக்கும் சந்தில் கையை விட்டுத் தங்கையின் கையில் பளாரென்று ஒன்று போட்டார்.

"லாரி வருதுன்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன், நீ நின்னு படம் எடுத்துட்டா ஓடினே?"

அடித்த கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா, வலிக்குது."

"வலிக்கட்டும்."

விடுகிற மாதிரித் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களை என் ஜன்னலுக்கு வரச் சொன்னேன்.