புறப்படும் நேரம்

லோகேஸ்வரன் கடலோர ஊரான மெர்சிங்கில் படகுத்துறைக்கு எதிரே ஒரு மாடி அறையில் பதினாறு வருடங்களாகப் படகு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறார். வயது ஐம்பத்து மூன்று. இரண்டு கண்ணிலும் புரை. திங்கட்கிழமை ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை. பிறகு இரண்டு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது.

ஆற்றுமுகம் ஆழமில்லாதது. கடல் நீர் ஏறினால்தான் படகு போகும். அதனால் மென்பொருளில் படகுக்கான ‘கிளாஸ்’ என்ற நிரல் பகுதியில் புறப்படும் நேரத்தை அவர் பிரைவேட் என்றே வைத்திருந்தார். வேறு பகுதி எதுவும் அதைத் தொட முடியாது. நீர் ஏறி இறங்கும் அட்டவணையைப் பார்த்துப் படகே கணக்கிட்டுக்கொள்ளும். மூன்று வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறை நெரிசலில், முகவர்களின் டிக்கெட் பகுதிக்காக ஒரு வாரம் திறக்கச் சொன்னார்கள். பப்ளிக் என்று மாற்றினார். அப்படியே நின்றுவிட்டது. முகவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தை எழுதுவார்கள். இவர் ஒவ்வொன்றாகத் திருத்துவார். போன மாதம் ஒன்று தப்பிவிட்டது. முப்பது பேர், மணலில் தட்டிய படகில் இரண்டு மணி நேரம்.

வியாழன் காலை மறுபடி பிரைவேட் ஆக்கினார். பத்து நிமிடத்தில், முகவர் பகுதியை எழுதும் பிரவீனா ஜொகூர் பாருவிலிருந்து கூப்பிட்டாள்.

“என்னண்ணே செஞ்சீங்க? என் பக்கம் நாப்பத்தோரு எடத்துல எரர் லா!”

“பூட்டிட்டேன்மா. இனி நீ நேரத்த எழுதக்கூடாது, கேக்கணும். படகு சொல்லும்.”

“அப்படி மாத்த ரெண்டு வாரம் ஆகும்.”

“மூணு வருஷமா சொல்றேன்.”

“தொறந்து வெச்சுக்கிட்டே சொன்னீங்க.”

அவர் முகத்தைத் திரைக்கருகே கொண்டுபோய் அந்த வரியைத் தேடினார்.

“நாளைக்கு லீவு ஆரம்பம். ஒரு டிக்கெட்கூட போகாது. பாஸ் என்னையத்தான் கிழிப்பாரு.”

“நான் கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கப்ப யாரு திருத்துவா? நீயா?”

“தண்ணி ஏறுறது எறங்குறது எனக்கென்ன தெரியும்? நான் பாக்குறதெல்லாம் ஹைவே ஜாம்தான்.”

“சரி. தொறந்து விடுறேன். நீ மாத்தி முடி, அப்புறம் பூட்டிக்கிறேன்.”

“கண்டிப்பாண்ணே.”

திறந்தார். மருத்துவமனைக்குப் பேசி, திங்கட்கிழமை சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொன்னார். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான் என்றாள் அங்கிருந்த பெண். காரணம் கேட்டாள். வேலை என்றார்.

எழுத்தை இன்னும் ஓர் அளவு பெரிதாக்கிக்கொண்டு சனிக்கிழமைப் படகுகளைப் பார்க்கத் தொடங்கினார். முதல் படகு காலை எட்டு மணி என்றிருந்தது. அந்நேரம் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது.