கேள்விக்குறிகள் இருந்த இடம்

எங்கள் மாதா கோயில் பங்கில் பழைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளை எடுத்தாலும் தலைப்பில் ‘சேசு மரி சூசை’ என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார்கள். மளிகைச் சீட்டில்கூட அது இருக்கும். அரசு அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் இதில் ஒரு படி மேலே. வில்லியனூர் கடையிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, அதைப் போட்டதும் அது பெயர் கேட்டது. அவர் தமிழ் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, சாவகாசமாகச் ‘சேசு மரி சூசை’ என்று அடித்தார்.

“இன்னாங்க இது? அது உங்க பேரத்தான் கேக்குது.”

“மொதல்ல சாமி பேரு. அப்பால நம்ம பேரு.”

“நம்ம பேர எப்ப போடறதாம்?”

“மெதுவா போட்டுக்கலாம், வுடுடி.”

அதற்கு அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன்.

இந்த வருடம் பிரான்சில் இருக்கும் எங்கள் ஒரே மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். என் முழங்காலை வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதாவது! கோயிலிலிருந்து வீடியோவில் காட்டுகிறேன் என்றான் மகன். கைபேசியில் பார்த்தால் என் கண்ணுக்கு எல்லா முகமும் ஒரே முகம்தான். பேத்தியை முதன்முதலாகப் பார்ப்பது அப்படியா இருக்க வேண்டும்? துண்டை எடுத்துத் தூசி தட்டினேன். மகன் அனுப்பிய மென்பொருளை அதில் ஏற்ற உட்கார்ந்தேன்.

பச்சைக் கோடு நன்றாகத்தான் ஓடியது. முடியப்போகிற இடத்தில் நின்றது. சிவப்பாக ஒரு குறி, கீழே ஆங்கிலத்தில் ஏதோ புலம்பல். அணைத்துப் போட்டேன். அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். வைரஸ் தடுப்பானை நிறுத்திப் பார்த்தேன். அதே இடம், அதே சிவப்பு. மகனைக் கூப்பிட்டால், “ரீஸ்டார்ட் பண்ணும்மா, ட்யூட்டிக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டான்.

“ஏன் இப்படி உயிர வாங்குற?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, காலையிலிருந்து நான் வாய் திறந்து பேசியது அதனிடம் மட்டும்தான். அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன்.

சனிக்கிழமை, பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் புலம்பலை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பிறகு வில்லியனூர் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“சி-ன்னு இருக்கு. அப்புறம் யூசர்ஸ். அதுக்கு அப்புறம் வரிசையா கேள்விக்குறிங்க.”

“கேள்விக்குறி வர்ற எடத்துல உங்க யூசர் பேரு இருக்கணும்மா. இன்னா பேரு போட்டிருக்கீங்க?”

சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“தமிழ்லயா அடிச்சீங்க? அதான்மா. இந்தச் சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது, வழி தெரியாம நின்னுடுது. இங்கிலீஷ்ல புதுசா ஒரு யூசர் போட்டுக்குங்க. பழச தூக்கிடுங்க.”

“தூக்கியே ஆவணுமா?”

“தூக்கலன்னாலும் ஒண்ணும் ஆவாது. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும்.”

“கெடக்கட்டும்” என்றேன்.

கடைக்காரர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கினேன். பெயர் கேட்டது. என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று என் கணவர் சொன்ன வேலையை நான் தனியாகச் செய்ய வேண்டியதாகிவிட்டதே என்று அவர் மேல் கோபம்தான் வந்தது. இந்த முறை பச்சைக் கோடு நிற்காமல் ஓடி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியை முழுத்திரையில் பார்த்தேன். தலையில் தண்ணீர் பட்டதும் வீரிட்டாள். புருவத்தைச் சுளிப்பதில் அச்சு அசல் அவர்தான். அதைச் சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் காலி நாற்காலி. “தெரியுதாம்மா?” என்றான் மகன். தெரியுதுடா என்றேன். சுற்றி எல்லோரும் பிரெஞ்சில் பேசிச் சிரித்தார்கள். “சரிம்மா, சாப்பிடப் போறோம், அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்தான்.

அப்புறம் இன்னும் கூப்பிடவில்லை. ஆனாலும் தினமும் காலையில் காப்பியோடு போய்க் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். யார் உள்ளே வருகிறீர்கள் என்று கேட்டு, திரையின் ஓரத்தில் அவர் அடித்ததையும் அதற்குக் கீழே என் பெயரையும் காட்டுகிறது. இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறோம் என்று அது மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.