பானட்டில் வரைந்த தணிகைமணி

அஃப்தாப்புக்குத் தன் வேலையில் சந்தேகம் வந்ததே கிடையாது. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் உசேன் பாய் நடத்தும் பட்டறையில் பெயிண்டர் அவன். இடிபட்டு வந்த காரைத் திரும்ப வாங்க வருகிறவர், எந்தக் கதவு இடிபட்டது என்று தேடித் தோற்றுப்போக வேண்டும். "எங்க இடிச்சதுன்னு நீங்களே சொல்லுங்க பாக்கலாம்" என்று சீண்டாமல் சாவியைக் கொடுக்க மாட்டான். தலைக்கனம் என்று சொல்பவர்கள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் இருக்கலாம்.

அந்தப் பெருமையில் பாதி தணிகைமணிக்குச் சேரும். தணிகைமணி டிங்கர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. அதன் மேல் மேடுபள்ளம் தெரியாதபடி பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது அஃப்தாப் வேலை. ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் பட்டறையில் நிற்க இடமிருக்காது. மலைப்பாதை வளைவில் உரசியது, கூட்டத்தில் பின்னால் வந்தவன் முட்டியது என்று வண்டிகள் வரிசை கட்டும். தணிகைமணி முடித்துவிட்டதாகச் சொன்ன தகட்டை, அஃப்தாப் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான்.

"பாவா, இங்க ஒரு ஒடுக்கு கீது."

"அதுல எறும்பு கூடத் தடுக்கி வுழாது. பட்டிய போட்டு மூடு."

"மூட மாட்டேன். தட்டு."

திட்டிக்கொண்டே தட்டுவார். இப்படி ஒரே தகட்டின் மேல் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்கள் மத்தியானம் ஒருவர் சாப்பாட்டை ஒருவர் பிடுங்கித் தின்பார்கள். தணிகைமணியை அத்தான் முறை வைத்து 'பாவா' என்று கூப்பிடப்போய், அவர் மனைவி கோவிந்தம்மாள் அஃப்தாப்புக்கு அக்காவாகிப் போனாள்.

மார்கழியில் ஒரு நாள், டீ குடித்துக்கொண்டிருந்த தணிகைமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் பட்டறைக்கு வந்த அஃப்தாப், அவர் பாதி நிமிர்த்திவைத்த கதவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனான்.

துக்கம் கொஞ்சம் ஆறியதும், பட்டறையிலேயே படத்திறப்பு வைக்கலாம் என்றார் உசேன் பாய். ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாம் என்றும் சொல்லிவைத்தார். அஃப்தாப் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

"லாரி நெத்தியில எத்தினி முருகன் வரஞ்சிருப்பேன். பாவா மூஞ்சி எனக்கு வராதா?"

தணிகைமணி நிமிர்த்திய வேன் பானட் ஒன்று மூலையில் கிடந்தது. வண்டிக்காரர் மனசு மாறிப் புதுசு மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதைத் துடைத்து வைத்துக்கொண்டு அஃப்தாப் உட்கார்ந்தான். நேராகப் பார்க்கிற போட்டோ ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, வாலிபத்தில் லைசென்ஸுக்கு எடுத்தது. மற்றதில் எல்லாம் மனிதர் ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றிருந்தார். கிடைத்ததை வைத்து முகத்தை வரைந்து, முடியையும் மீசையையும் நரைக்கவிட்டு, மேலே வார்னிஷ் அடித்து வெயிலில் சாய்த்தான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உசேன் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பேசுறாப்புல கீதுடா" என்றார். அஃப்தாப் அடக்கமாக இருக்க முயன்றான், அது அவனுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. சனிக்கிழமை காலையில் கோவிந்தம்மாள் பார்க்க வந்தாள். வெகுநேரம் நின்றாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் நாற்காலிகூட போட்டிருந்தான். அவள் அழவில்லை.

"நல்லா வரஞ்சிகீற தம்பி."

"பாவா மாதிரி கீதா அக்கா?"

"முடி நரச்சிருக்குது. மூஞ்சி, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்ன இருந்த மூஞ்சி. இவர நான் பாத்ததே இல்ல தம்பி." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "உன் கஷ்டத்தக் கொற சொல்லல. ஊருக்கு இது போதும். நான் வூட்லயே கும்புட்டுக்கறேன்."

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் லாரி ஒன்றைத் தூக்கும்போது ஜாக்கிக் கம்பி தெறித்துத் தணிகைமணியின் இடது கன்னத்து எலும்பை உள்ளே தள்ளிவிட்டது. பள்ளம் விழுந்த அந்தக் கன்னத்தை எந்தப் போட்டோவுக்கும் அவர் காட்டியதில்லை. அஃப்தாப்புக்கு அது தெரியாமல் இல்லை. இருக்கிறவரை கூச்சப்பட்ட மனுஷன், படத்திலாவது குறையில்லாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் கன்னத்தை நிரப்பினான். அன்புதான் அது. ஆனால் ஒடுக்கு தெரிந்தால் அழித்துவிடுகிற கை, அவள் புருஷனை அழித்து வேறொருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அக்கா இல்லாமல் பாவாவுக்கு என்ன படத்திறப்பு?

கன்னத்தில் நிழல் போட்டுப் பார்த்தான். கரி ஒட்டினாற்போல் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டான். ஓரங்களைக் கலக்கக் கலக்கக் கை பழைய புத்தியில் அதை வழவழப்பாக்கியது, பள்ளம் காணாமல் போனது. மத்தியானச் சாப்பாடு அப்படியே கிடந்தது. எட்ட நின்று பார்த்தால் படம், கிட்டப் போனால் தகடு. தகடு. அவன் தூரிகையைக் கீழே வைத்தான்.

டிங்கர் சாமான்கள் இருந்த பக்கம் போய் ஒரு மரச் சுத்தியை எடுத்தான். மணல் மூட்டையைத் தரையில் போட்டு, அதன் மேல் பானட்டை முகம் மேலே தெரியக் கிடத்தினான்.

உசேன் பாய் ஓடி வந்தார். "இன்னாடா பண்ற? நாளைக்கு ஊரக் கூப்ட்டுகீறோம். ஒரு அடி தப்புச்சின்னா மூஞ்சியே பூடும்."

"தப்பாது."

சொல்லிவிட்டான். உள்ளே ஆடிப்போயிருந்தான். இடுக்கு இடுக்காய் ஒடுக்குத் தேடி அழித்தவன், ஒடுக்கு ஒன்றைத் தன் கையால் உண்டாக்கியதே கிடையாது. தன் கன்னத்து எலும்பைத் தடவி இடம் பார்த்துக்கொண்டான். கண்ணை மூடினான். சாப்பிடும்போது எதிரில் அசைந்த அந்தக் கன்னம் வந்தது. கண்ணைத் திறந்து ஒரே அடி அடித்தான்.

பெயிண்ட் செதில் செதிலாகத் தெறித்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. உசேன் பாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அஃப்தாப் அந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, தோலின் நிறத்தைத் திரும்ப ஏற்றினான். பட்டி மட்டும் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. பிறகு கோவிந்தம்மாளுக்குப் போன் போட்டான்.

"அக்கா, நாளைக்கு வா. புடிக்கலன்னா நானே கழட்டி எறிஞ்சிடறேன்."

மறுநாள் அவள் வந்தாள். உசேன் பாய் படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். அவள் சந்தனக் கிண்ணத்தோடு கிட்டப் போய், நெற்றியில் பொட்டு வைத்தாள். கை கீழே இறங்கி இடது கன்னத்தில் நின்றது. நான்கு விரலும் பள்ளத்துக்குள் போய் அமர்ந்தன. எடுக்கவே இல்லை.

"கொஞ்சம் ஆழமா பூட்சி தம்பி" என்றாள்.

அஃப்தாப் கிட்டே வந்தான். "எடுத்துடட்டா அக்கா? பின்னாலருந்து தட்டுனா வந்துடும்."

"தொடாத." அவள் அப்போதுதான் அழுதாள். "சிரிச்சாருன்னா இவ்ளோ ஆழமாதான் போவும்."