ஃபேனுக்குக் கீழே ஒரு புளியமரம்

ஒரே வெள்ளைத் தாளில் புளியமரம் ஒன்றைச் சிறு கத்தியால் வெட்டி உருவாக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரம்தான். இலைகள் மயிரிழைக் காம்புகளில் தொங்கின. ஒரு காம்பு அறுந்தாலும் பல நாள் வேலை குப்பை.

இந்த வேலைக்கு எதிரி காற்று. ஜன்னலைச் சாத்தி, ஃபேன் சுவிட்சை அணைத்த பிறகுதான் உட்காருவேன். அன்று விடியற்காலையே கரண்ட் போயிருந்ததால் சுவிட்சை மறந்துவிட்டேன். போதாததற்குக் கணவரோடு சண்டை வேறு. "வூடு பூரா காயிதக் குப்ப. இத்த வெட்டி இன்னா பண்ணப் போற?" என்று கத்திவிட்டு, புளி மூட்டையோடு மலையிறங்கிச் செங்கத்துக்குப் போய்விட்டார். அந்த ஆத்திரத்தோடுதான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கத்தி கடைசி இலையின் வளைவில் பாதி தூரம் வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு டிவி அலறியது. கரண்ட் வந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே ஃபேன். எழுந்தால் தாள் கிழியும், எழாவிட்டால் பறக்கும். கத்தியை அசைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, இடது கையால் தாளை அமுக்கியபடி காத்திருந்தேன்.

காற்று வரவில்லை. மெல்ல நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃபில் இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வாய் அந்தக் கத்து கத்தும்போதே, அந்த மனுஷனின் கை சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது.