டிரம்ஸ் இல்லாத ஆல்பம்

"...பாட்ட வுடுபா, அந்த டிரம்ஸு அடிக்கிறான் பாரு, அவன் கைக்கு மோதரம் போடலாம்" என்றார் தறியில் இருந்த மாமா.

பெரிய காஞ்சிபுரத்தின் ஒரே ராக் குழு என் நண்பனுடையது. ஆகவே தலைசிறந்ததும் அதுதான். அதன் புது ஆல்பத்தில் டிரம்ஸே கிடையாது. அதுதான் புரட்சி. இணையத்தில் ரசிகப் பெருமக்கள், 'தூக்க மாத்திரை மிச்சம்' என்று உருகி எழுதியிருந்தார்கள். ஒருவராவது பாராட்டமாட்டாரா என்றுதான் நண்பன் தாய்மாமனிடம் செல்போனில் போட்டுக் காட்டினான். மாமா நெய்துகொண்டே கேட்டார். அவர் மெச்சியது தறிச்சத்தத்தை. அதைச் சொல்ல நண்பனுக்கு மனம் வரவில்லை. கிடைத்த ஒரே பாராட்டு அது.

அப்போது பாவில் ஓர் இழை அறுந்து தறி நின்றது.

"இன்னாபா, நிறுத்திட்டான்? இப்பதான் சூடு புடிச்சிது" என்ற மாமா, இழையை முடிந்து தறியை மிதித்து, மறுபடி தலையாட்டத் தொடங்கினார்.