தையல்காரியின் வாளி

புயலில் பிய்ந்த கூரையை இன்சூரன்ஸ் செலவில் மாற்றிவிட்டு, வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்க வந்தார் கான்ட்ராக்டர். வீட்டுக்காரியான தையல்காரி லேசில் விடவில்லை. ஏணியில் ஏறி நாலு வாளி தண்ணீரை ஊற்றினாள், கூடத்தில் சொட்டியது. ஒப்பந்தத்தைக் காட்டி மூன்று மாதம் மல்லுக்கட்டி, கூரை முழுவதையும் பிரித்து மறுபடி போடவைத்த பிறகே கையெழுத்துப் போட்டாள். அதிலிருந்து தெருவில் யார் வீட்டுக் கூரைக்கும் அவள் வாளி போகாமல் கையெழுத்து விழாது. கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் அவரே வாசலில் வந்து நின்றார்.

"மறுபடியும் என்ன வம்பு?"

"வம்பு இல்லம்மா. எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்க ரூமுக்குக் கூரை மாத்தியிருக்கேன். நீங்க ஊத்திப் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

அவள் வாளியைக் கையில் எடுத்தாள்.

"நீங்க போட்ட கூரையா? முதல்ல அம்மா கட்டில நகத்துங்க."