உள் கம்பியூட்டரின் திகதி

புதிய கம்பியூட்டரைப் பூட்டிய அன்று ஆபீஸில் இருந்தவர்களைச் சொல்கிறேன். தோட்டத்தை நடத்தும் துரை இருந்தார். உட்காரவில்லை, கதவுப் பக்கம் நின்றார். கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து பல வருடம். பதுளை டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் முதலாளி இருந்தார். பூட்ட வந்தவர் அவர்தான். நான் இருந்தேன். தேத்தண்ணி கொண்டுபோனேன், நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

நிற்கச் சொன்னது மழைக்காக. ஆபீஸ் கூட்டுவது, தபால் எடுப்பது, தேத்தண்ணி ஊற்றுவது என் வேலை. காலை எட்டரைக்கு மழைமானியை அளப்பதும் என் வேலை. அது ஆபீஸுக்குப் பின்னால் முள்ளுக்கம்பிக்குள் இருக்கிறது. புனல், அதற்குக் கீழே போத்தல். போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, அந்த இலக்கத்தைக் கம்பியூட்டரில் அடிக்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு. இலக்கம் தெரியும். இங்கிலீஷ் எழுத்தை உருவம் பார்த்துத் தெரியும்.

இலக்கத்தை அடித்தால் கடைசி மூன்று நாள் மழையைக் கூட்டி ஒரு பட்டை நிறம் காட்டும். பச்சை என்றால் வீட்டில் இருக்கலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் கீழ் லயத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். கீழ் லயத்துக்கு மேலே மலை வெடித்திருக்கிறது. முன்பு விரல் நுழையும். இப்போது கை நுழையும். அந்த லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. ஏழாவதில் என் தங்கச்சி, அவள் புருசன், இரண்டு பிள்ளைகள். என் வீடு மேட்டில், ஸ்டோருக்குப் பக்கத்தில். அங்கே வெடிப்பு இல்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவம் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே. பகல் நிறுவைக்கு வரும் பெண்கள் கூடையை இறக்குவதற்கு முன்னால் ஜன்னலைத் தட்டுவார்கள்.

"அக்கா, இன்னைக்கு என்ன கலரு?"

"பச்ச."

"அப்ப சோறாக்கலாம்."

இது எங்கள் வழக்கம். நான் சொல்லும் நிறத்தை வைத்துத்தான் கீழ் லயத்தில் பாய் விரித்தார்கள்.

பழைய கம்பியூட்டர் இடி விழுந்து செத்துப்போனது. புதியதில் மழைப் புரோகிராம் ஏறவில்லை. அது பழைய விண்டோஸில்தான் ஓடும் என்றார் முதலாளி. அதனால் புதிய கம்பியூட்டருக்குள் ஒரு பழைய கம்பியூட்டரை வைத்துத் தருகிறேன் என்றார். விர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

"புது வீட்டுக்குள்ள பழைய வீட்ட அப்படியே தூக்கி வெச்ச மாதிரி, சேர்."

"அப்ப வாடகை ஆருக்கு?" என்று கேட்டார் கிளாக்கர். துரை சிரிக்கவில்லை. அதனால் முதலாளியும் சிரிக்கவில்லை.

திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குள் பழைய திரை, பழைய நீலம், மூலையில் அதற்கென்று தனி மணிக்கூடு, தனித் திகதி. செத்த ஒன்று உள்ளே உட்கார்ந்து கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தங்கச்சி, இத மூடக்குள்ள மூணு விதமா கேக்கும். மொதலாவது, இருக்கிறபடியே வெக்கவான்னு. ரெண்டாவது, ஒழுங்கா நிப்பாட்டவான்னு. மூணாவது, கரண்ட வெட்டின மாதிரி. நீங்க நடுவுல உள்ளத மட்டும் அமத்துங்க. வேற ஒன்டும் வாணாம்."

நான் நடுவில் உள்ளதையே அமுக்கினேன். ஒழுங்காக நிறுத்தினால் மறுநாள் காலையில் அது எழும்பப் பத்து நிமிடம் எடுக்கும். அதுவரை கிளாக்கர் எனக்குப் பின்னால் நிற்பார். ஆட்களின் வேலை நாளைப் பதியும் செக்ரோல் அடிக்க அவருக்கும் அதே கம்பியூட்டர்தான்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை பொறுமை போய்விட்டது அவருக்கு.

"பிள்ளை, உது என்ன, கிழவன் எழும்புற மாதிரி எழும்புது? இனி மூடேக்கை முதலாவதை அமத்திப்போட்டு எழும்பு. எனக்கு வேலை கிடக்கு."

"முதலாளி வேணாம்னாருங்க ஐயா."

"அவர் கடைக்குத்தான் முதலாளி."

முதலாவதை அமுக்கினேன். செவ்வாய் காலையில் திறந்தேன். உடனே வந்தது. முந்தின நாள் விட்ட இடத்திலேயே அம்புக்குறி நின்றது. நல்லது என்று நினைத்து, அதற்குப் பிறகு தினமும் மூடும்போது முதலாவதையே அமுக்கினேன்.

அன்று மழை பிடித்தது. செவ்வாய், குவளை இரண்டு தடவை நிறைந்து மிச்சமும் இருந்தது. இலக்கத்தை அடித்தேன். ஒரு சின்னப் பெட்டி வந்தது, இங்கிலீஷில் ஒரு வரி, இரண்டு பொத்தான். புதிய கம்பியூட்டர் இப்படி எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். முதல் பொத்தானை அமுக்கினேன். பச்சை. புதன், மூன்று குவளை நிறைந்து கொஞ்சம் மிச்சம். அதே பெட்டி. முதல் பொத்தான். பச்சை. வியாழன், இரண்டு குவளை நிறைந்து, மூன்றாவது விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. பெட்டி. பொத்தான். பச்சை.

மூன்று நாளும் ஜன்னலைத் தட்டினார்கள். மூன்று நாளும் பச்சை என்றேன்.

வியாழன் பகல் என் தங்கச்சி வந்தாள். தலையில் போட்ட கொங்காணிச் சாக்கிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

"என்ன கலரு?"

"பச்ச."

"பின்பக்கம் மலையிலருந்து வர்ற பீலியில தண்ணி நின்னு போச்சுக்கா. மழை இந்த ஊத்து ஊத்துது, பீலி காஞ்சு கெடக்கு, தண்ணி மலைக்குள்ள எங்கயோ போவுது. ஒன் பொட்டிக்குள்ள வெயிலா அடிக்குது?"

அவள் போனதும் உள் கம்பியூட்டரைத் திரும்பத் திறந்தேன். நிறத்தைப் பார்க்கவில்லை, மற்றதை எல்லாம் பார்த்தேன். மூலையில் திகதி இருந்தது. பதினான்கு. சுவர்க் கலண்டரில் பதினேழு.

"ஐயா, இதுக்குள்ள இன்னும் திங்கக்கெழமையா இருக்குங்க."

"உது பிழை விடாது பிள்ளை," என்றார் கிளாக்கர். பிறகு வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். பதுளைக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மூடக்குள்ள நீங்க எத அமத்தினீங்க, தங்கச்சி?" என்றார் முதலாளி.

"மொதலாவதங்க."



"அப்படி வெச்சா அது ஒறைஞ்சு நிக்கும். நீங்க தொறந்து வெச்சிருக்கிற நேரம் மட்டும்தான் அதுக்கு நேரம் ஓடும். வெளி நேரத்த உள்ளுக்கு இழுத்துக்கொண்டு வாற சாமான் ஒன்டு இருக்கு, இந்தப் பழையதுல அது ஏறல்ல. அதாலதான் நடுவுல உள்ளத சொன்னன். சின்னதா ஒரு பெட்டி கேட்டிச்சா?"

"கேட்டிச்சுங்க."

"இந்தத் திகதிக்கு ஏற்கனவே இலக்கம் இருக்கு, அத அழிச்சுட்டு இத போடவான்னு கேட்டிருக்கும்."

நாளுக்கு ஐந்து நிமிடம்தான் அதற்கு ஓடியிருக்கிறது. மூன்று நாள் மழையும் அதற்கு ஒரே திங்கட்கிழமை. ஒவ்வொரு காலையும் முந்தின நாள் மழையை நானே அழித்திருக்கிறேன்.

மூடும்போது முதலாவதை அமுக்கச் சொன்னது யார் என்று முதலாளி கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. கிளாக்கரும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் மழையைக் கொப்பியில் எழுதுவோம். கம்பியூட்டர் வந்ததும் கொப்பி வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார்கள். என்னிடம் இருந்தது குவளைக் கணக்கு மட்டும். குவளைக்கு இருபத்தைந்து மில்லிமீற்றர். செவ்வாய் ஐம்பத்தெட்டு, புதன் எண்பத்துநாலு, வியாழன் எழுபத்தொன்று என்று கிளாக்கரிடம் சொன்னேன்.

"நிச்சயமோ?"

"என் கையால ஊத்துனது ஐயா."

திகதியைத் திருத்திவிட்டு அவரே அடித்தார். பட்டை மஞ்சளில் நிற்கவில்லை. தாண்டிப் போய்ச் சிவப்பில் நின்றது. அவர் எழும்பி, குடை எடுக்காமல் போய், காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணியை அடித்தார். பகல் ஒரு மணிக்கு அந்த மணி அடித்ததே இல்லை. கீழ் லயத்தில் ஐம்பத்துமூன்று பேர். ஒருவர் விடாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஒரு கிழவரைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள்.

மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். இரண்டாம் நாளே வெயில் வந்துவிட்டது. மலை விழவில்லை. மண்சரிவு பார்க்கும் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து வெடிப்புக்குள் கம்பை விட்டுப் பார்த்தார்கள். மண் நகர்ந்திருக்கிறது, வேறு இடம் கொடுக்கும்வரை இங்கே இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். வேறு இடம் யாரும் கொடுக்கவில்லை. நாலாம் நாள் எல்லாரும் லயத்துக்குத் திரும்பினார்கள். பாய் சுருட்டும்போதே ஒருவர் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"மூணு நாளா பச்சன்னு சொன்னா. உள்ளுக்குள்ள செவப்பாம். ஒன்னும் நடக்கல. அப்பறம் செவப்புன்னு சொன்னா, அப்பவும் ஒன்னும் நடக்கல. ஏம்மா, கலர மட்டும் பாத்து சேலை எடுத்துக் குடுக்குறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கச்சியும் சிரித்தாள். அவர் கேட்டதில் பிழை இல்லை. அதற்குப் பிறகு ஜன்னலை யாரும் தட்டவில்லை. கூடையை இறக்கி, நிறுத்து, போய்விடுவார்கள்.

போன வருடம் அது. அன்றிலிருந்து நடுவில் உள்ளதைத்தான் அமுக்குகிறேன். அது எழும்பும் பத்து நிமிடமும் கிளாக்கர் வெளியே போய் நிற்கிறார். நானே ஒரு கொப்பி வாங்கிப் பென்சிலால் எழுதுகிறேன். இலக்கம் அடிப்பதற்கு முன்னால் இரண்டு திகதியையும் பார்க்கிறேன், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

இந்த வாரம் திரும்பவும் மழை. நேற்று மஞ்சள். இன்று காலை சிவப்பு. திகதி இரண்டும் ஒன்றுதான், மூன்று தடவை பார்த்தேன். கொப்பியிலும் கூட்டினேன். கிளாக்கர் மணி அடித்தார். துரை பசறைப் போலீசுக்கு ஃபோன் எடுத்தார். ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டிவிட்டுத்தான் வர முடியும் என்றார்கள். மணி அடித்தும் கீழ் லயத்திலிருந்து யாரும் வரவில்லை. நான் போனேன்.

பன்னிரண்டு காம்பராவிலும் சொன்னேன். அடுப்பு எரிந்தது. ஒரு வீட்டில் டீவி ஓடியது. "வாறோம், நீ போ," என்றார்கள். தங்கச்சி வீட்டுக் கதவு மூடவில்லை. இழுத்துப் பார்த்தேன், நிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இது எப்பலருந்து?"

"ரெண்டு நாளா. ஈரத்துல மரம் ஊதியிருக்கு."

"மரம் ஊதல. நிலை சாஞ்சிருக்கு. கெளம்பு."

அவள் புருசன் உள்ளே இருந்து பேசினார். "போன தடவ அந்த சிமெந்துல படுத்துத்தான் மூத்தவனுக்கு நெஞ்சுல சளி கட்டிச்சு. மூணு வாரம் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சோம். ஒங்கக்காவா அலைஞ்சா?"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் தங்கச்சி. என் முகத்தைப் பார்த்தாள். "மிஷினு இப்ப சரியாக்கா?"

"சரி."

"அன்னைக்கும் சரின்னுதான் சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

அவள் உள்ளே போய்ச் சின்னவளுக்குச் சட்டை மாட்டிக் கூட்டி வந்தாள். "இவளக் கூட்டிட்டுப் போ. ஒன் மனசுக்கு. நாங்க சோறு தின்னுட்டுப் பாக்குறோம்."

சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பகல் இரண்டரை மணி. மழை விடவில்லை. கிளாக்கர் ஐம்பத்துமூன்று பேருடைய பெயர்ப் பட்டியலோடு வாசலில் நிற்கிறார். தங்கச்சி வரவில்லை. வந்தவர்களை இப்போது எழும்பிப் போய் எண்ணினேன், சின்னவளையும் சேர்த்து.

எட்டு.